பெரிய வியாழனுக்கு யூதர் பஸ்கா தட்டு வாங்கலாமா?

கேள்வி: எங்கள் சபையில் பெரிய வியாழன் அன்று யூதர் பஸ்கா விருந்தைச் செய்துகாட்ட ஓர் ஊழியக்காரர் வருகிறார். மூன்று அப்பம் திரித்துவமாம். நடு அப்பத்தை உடைத்து ஒளித்து வைப்பது இயேசுவின் அடக்கமாம். ஆதிச் சபை இப்படித்தான் போதித்தது என்கிறார். தட்டு, துணி எல்லாம் அவரிடமே விலைக்குக் கிடைக்குமாம். ஓய்வுநாள் பள்ளிக்கு வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஆட்டுக்குட்டியைச் சொல்லிக்கொடுங்கள், போதும்.

கி.பி. 70-ல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடிக்கும்வரை பஸ்கா என்றால் அங்கே பலியிட்ட ஆடுதான். ஆலயம் போன பிறகுதான் ரபிகள், அதாவது யூத போதகர்கள், இந்த விருந்தை ஆடு இல்லாமல் வீட்டு மேசைக்கு ஏற்றபடி ஒழுங்கு செய்தார்கள். சுமார் 200-ல் தொகுத்த மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் நாலு கிண்ணம் திராட்சரசம் உண்டு, கசப்புக் கீரை உண்டு, மூன்று அப்பம் இல்லை. ‘அஃபிகோமன்’ என்ற சொல் உண்டு. விருந்துக்குப் பின் வரும் பலகாரம் அல்லது கேளிக்கை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்; பஸ்கா ஆட்டைச் சாப்பிட்டபின் அது கூடாது என்று தடுப்பதற்காக! ஒளித்து வைக்கும் அப்பத்துக்கு அந்தப் பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ‘எபிரெய ரகசியம்’ என்று ஒருவர் ஆரம்பித்தால், எந்த நூற்றாண்டு ரகசியம் ஐயா என்று கேளுங்கள்.

நம் இறையியல் படிப்பில் பழைய ஏற்பாட்டுக்கு ஒரு வாத்தியார், புதிய ஏற்பாட்டுக்கு இன்னொருவர். மிஷ்னா யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் சபைக் கமிட்டி டீ குடித்துக்கொண்டே அனுமதி கொடுத்துவிடும்.

சின்ன ஆசியாவில் (இன்றைய துருக்கி) சில சபைகள் யூதர்களின் பஸ்கா நாளான நிசான் மாதம் 14-லேயே பஸ்காவை ஆசரித்தது உண்மைதான். உங்கள் வியாபாரி இதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார். சுமார் 190-ல் ரோம் ஆயர் விக்டர் அவர்களை ஒதுக்கிவைக்கப் பார்த்தார். லியோன் ஆயர் ஐரேனியு குறுக்கே வந்து சமாதானம் பேசினார். ஆனால் சண்டை பஸ்காவுக்கு முந்தின உபவாசத்தை எந்த நாளில் முடிப்பது என்பதைப் பற்றி, தட்டைப் பற்றி அல்ல. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சர்தை ஆயர் மெலித்தோவின் பஸ்கா பிரசங்கம் நம் கையில் இருக்கிறது. யாத்திராகமம் வாசித்தாயிற்று என்று தொடங்கி, ஆட்டுக்குட்டி முன்மாதிரி, கிறிஸ்து அதன் நிறைவு என்று விளக்குகிறார். தட்டு எங்கே வருகிறது? ஒரு எச்சரிக்கை: பிற்பகுதியில் அவர் யூத மக்கள் எல்லார்மேலும் கொலைப்பழி போடுகிறார். அதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகாதீர்கள்.

வகுப்புக்கு ஜஸ்டின் போதும். இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர், சமாரியாவில் பிறந்தவர். பஸ்கா ஆட்டைச் சுடும்போது ஒரு கம்பி கீழிருந்து தலைவரை நெடுக்காகவும், இன்னொன்று முதுகின் குறுக்கே முன்னங்கால்களைக் கட்டவும் போகும், அது சிலுவை வடிவம் என்று எழுதினார். இரண்டு ஈர்க்குச்சியைக் குறுக்கே கட்டிக் காட்டுங்கள். கூடவே கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம், 5-ம் அதிகாரம், 7-ம் வசனம்: பலியிடப்பட்ட நம் பஸ்கா கிறிஸ்துவே என்கிறது. புளிப்பில்லாத அப்பம் காட்டியே ஆகவேண்டுமா? வீட்டில் சப்பாத்தி இருக்கிறதே.