நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கும் ஒரு வாசல் உண்டு

வள்ளியூரில் நகை அடகுக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வாடிக்கையாளர் விலாசம், ஆதார் நகல், நகை எடை எல்லாம் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மெயில், வாட்ஸ்அப் பார்ப்பதும் அதில்தான். நெட் இல்லாத தனிக் கம்ப்யூட்டர் வாங்கினால் போதுமா?"

வாங்குங்கள் அண்ணாச்சி, நல்ல முடிவு. யார் வீட்டு நகை எத்தனை பவுன் என்பது வெளியே போகவே கூடாத விவரம்.

உங்களுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையக் கம்ப்யூட்டர் ஒன்றில் மால்வேர் (கெடுதல் செய்யும் புரோகிராம்) புகுந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது நெட்டோடு இணைந்த நிர்வாகப் பிரிவுக் கம்ப்யூட்டர். முக்கியமான உள் நெட்வொர்க் தனியாக இருந்ததால் பாதிப்பில்லை என்றது. ஆனால் ஈரானின் நத்தான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் ஆலையும் நெட்டிலிருந்து பிரித்து வைக்கப்பட்டதுதான். அங்கே புகுந்து சென்ட்ரிஃபியூஜ் எனும் சுழல் இயந்திரங்களைப் பழுதாக்கிய ஸ்டக்ஸ்நெட் என்ற மால்வேர், 2010இல் வெளியே தெரிந்தது. அது பென்டிரைவ் வழியாகவும் பரவும்படி எழுதப்பட்டது. எந்த ஃபைலையும் திறக்க வேண்டாம், பென்டிரைவில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே தொற்றும்.

அதனால் அந்தக் கம்ப்யூட்டரில் வெளிப் பென்டிரைவ் எதையும் செருக விடாதீர்கள். கடைப் பையன் செல்போனை சார்ஜ் போடுவதும் கூடாது. கேபிள் வழியாக போன் நெட்டையே கொடுத்துவிட முடியும். ஆதாரை வாட்ஸ்அப்பில் வாங்காமல் ஜெராக்ஸாக வாங்கி, தேவையானதை மட்டும் கையால் டைப் செய்யுங்கள். பிரிண்டரும் கேபிள் பிரிண்டராகவே இருக்கட்டும். வைஃபையை பயாஸில் (விண்டோஸ் ஓடும் முன் வரும் அடிப்படை செட்டிங்கில்) அணையுங்கள். கார்டையே கழற்றிவிட்டால் இன்னும் நல்லது.

கம்ப்யூட்டரே களவு போனால்? டிஸ்கில் இருப்பதை வேறு யாரும் படிக்க முடியாமல் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைப் போட்டு வையுங்கள். விண்டோஸ் ஹோமில் அது முழுசாகக் கிடைக்காது, புரோ கேட்டு வாங்குங்கள். பூட்டு திறக்காமல் போனால் உதவும் ரெகவரி கீ எண்ணைப் பேப்பரில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. நெட் இல்லாவிட்டால் தேதி தானாகச் சரியாகாது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும், வட்டிக் கணக்கு மொத்தமும் தப்பாகும். காலையில் கடை திறந்ததும் தேதியைப் பாருங்கள்.

பேக்கப்புக்கென்றே இரண்டு ஹார்ட் டிஸ்க், அவற்றுக்கும் பிட்லாக்கர். ஒன்று கடைக்கு வெளியே, உயரமான இடத்தில். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பணம் கட்டுவதற்கு முன்னால், உங்கள் அடகு சாஃப்ட்வேர் லைசென்ஸ் நெட் இல்லாமலே ஓடுமா என்று விற்பவரிடம் கேட்டு, எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.