சுவர் மூச்சு விடட்டும்: பழைய கடைவீடுகள் பற்றிய கேள்வி பதில்

சிங்கப்பூரில் கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீடுகளைப் பழுதுபார்த்து, இன்றைய புழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொடுக்கும் வேலையில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். தேக்கா, கம்போங் கிளாம், ஜூ சியட் என்று பல சுவர்களைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, தாத்தா காலத்துக் கடைவீடு எங்கள் கைக்கு வந்திருக்கிறது. கீழ்த்தளச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து உரிகிறது. மூன்று தடவை அடித்துவிட்டோம். நல்ல பெயிண்டாக ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: பெயிண்ட் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள் தம்பி. கோளாறு பெயிண்டில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் காலத்துச் செங்கல் சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்க எதுவும் வைக்கவில்லை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, செங்கல் தரையடி ஈரத்தை மேலே இழுக்கும். இது கட்டியவர்களுக்குத் தெரியும். அதனால்தான் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். உள்ளே வந்த ஈரம் அதன் வழியாகக் காற்றில் போய்விடும். பிறகு யாரோ அதைக் கொத்தி எடுத்துவிட்டு, 'உறுதியாக இருக்கட்டும்' என்று சிமெண்ட் பூசியிருப்பார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். அதோடு வந்த உப்பு பெயிண்டுக்கு அடியில் படிகமாகித் தள்ளும். நீங்கள் பார்க்கும் கொப்புளம் அதுதான்.

ஜூ சியட்டில் ஒரு வீட்டில் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். சிமெண்ட் பூச்சு தட்டு தட்டாகக் கழன்று வந்தது. பின்னால் இருந்த செங்கல் கைபட்டதும் பச்சரிசி மாவுபோல உதிர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தபோது அந்த வீட்டில் மிக 'நன்றாக' இருந்த சுவர் அதுதான்.

செய்ய வேண்டியது இது. முதலில் தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பாருங்கள்: உடைந்த ஓடு, அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், பின்கட்டுச் சாக்கடை. அதைச் சரிசெய்த பிறகு, ஈரக்கறை நிற்கும் இடத்துக்கு மேலே இன்னும் இரண்டடி வரை சிமெண்டை எடுத்துவிட்டுக் காயவிடுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதைவிடக் கூடவே ஆகும். அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை அல்லது ஈரத்தை வெளியே விடும் சிலிகேட் பெயிண்ட். பிளாஸ்டிக்போலப் படலம் கட்டும் எதையும் அந்தச் சுவரில் அடிக்காதீர்கள்.

கேள்வி: சுண்ணாம்பு சிமெண்ட் அளவுக்கு நிற்குமா?

பதில்: நிற்கும். சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் போய்ப் பாருங்கள். 1856இல் தொடங்கி 1861இல் முடித்தது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். உள்சுவருக்கு அவர்கள் பூசியது சென்னைச் சுண்ணாம்பு என்ற கலவை: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர். காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். நம் ஆட்களின் கைவேலை இந்த நகரத்தின் சுவர்களில் இருக்கிறது. வேறு எந்த வேலைக்கும் போகாமல் நான் இதிலேயே கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: தேக்காவில் ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்துச் சைவ உணவகம் நடத்த ஆசை. மேல்தள மரத்தரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடலாமா? நடுமுற்றத்தை மூடி அங்கே அடுப்பு வைக்கலாமா?

பதில்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேட்டீர்களே, நல்லது.

தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ ஆகியவற்றை நகர மறுசீரமைப்பு ஆணையம் வரலாற்று வட்டாரங்களாக வைத்திருக்கிறது. அங்கே முகப்பை மட்டும் காப்பாற்றினால் போதாது, கட்டடம் முழுவதையும் காக்க வேண்டும். கேலாங், ஜூ சியட் போன்ற இடங்களில் பின்பக்கம் உயரமாகக் கட்ட ஓரளவு இடம் உண்டு. ஆணையத்தின் வழிமுறையை மூன்று சொல்லில் சொல்லலாம்: இருப்பதை வைத்துக்கொள், மெதுவாக மீட்டெடு, கவனமாகப் பழுதுபார்.

மரத்தரையைப் பற்றி இன்னொன்றும் யோசியுங்கள். உத்தரங்களின் இரண்டு முனையும் பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் பொதுச்சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கான்கிரீட் தளத்தின் எடையை அந்தச் சுவரில் ஏற்றினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஏற்றுகிறீர்கள். நான் மரத்தை எடுக்கச் சொல்ல மாட்டேன், சோதிக்கச் சொல்வேன். உத்தரத்தின் நடுப்பகுதி இரும்பாட்டம் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுவருக்குள் புதைந்த முனையில் ஒரு ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். உள்ளே போனால் ஈரமோ கரையானோ தின்றுவிட்டது என்று அர்த்தம். அப்போதும் அந்த முனையை மட்டும் வெட்டிப் புது மரம் ஒட்டலாம், இரும்புத் தகடு வைத்து முடுக்கலாம். தீப்பாதுகாப்புக்குத் தளத்தின் அடியில் தீத்தடுப்புப் பலகை அடிப்பார்கள். அதற்குத் தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் தனியாக இருக்கின்றன, தகுதிபெற்ற கட்டடக் கலைஞரை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

முற்றத்தை விட்டுவிடுங்கள். செட்டிநாட்டு வீட்டு முற்றம் என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. நீளமான, பக்கச் சன்னல் இல்லாத வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் அது வழியாகத்தான் வருகின்றன. அடுப்பைப் பின்கட்டில் வையுங்கள், புகைக்குழாயையும் பின்பக்கமே ஏற்றுங்கள். மேல்தளத்தில் கழிவறை வேண்டாம். மரத்தரைக்கு மேல் ஒரு குழாய் கசிந்தாலும் அது தெரிய வருவதற்குள் உத்தரம் போய்விடும்.

கேள்வி: கடை முன்னால் கூரைக்கு அடியில் போகும் ஐந்தடிப் பாதையில் நாலு மேசை போட்டுக்கொள்ளலாம்தானே? எல்லாரும் போடுகிறார்களே.

பதில்: கூடாது. இங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ், 1822இல் நகரத் திட்டம் வகுத்தபோதே, மக்கள் வெயில் மழை படாமல் நடக்கத்தான் அந்த வழியை விடச் சொன்னார். இடம் உங்களுடையதாக இருந்தாலும் வழி எல்லாருக்கும் உரியது. சக்கர நாற்காலியில் வருபவரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: மன்னிக்கணும், நேரடியாகவே கேட்கிறேன். வெளியே பழசு, உள்ளே ஏசி போட்ட காப்பிக்கடையும் அலுவலகமும். இதைப் பாதுகாப்பு என்று சொல்லலாமா?

பதில்: எனக்கும் இது வலிக்கிற கேள்விதான். 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, வாடகை அற்பம் என்பதால் பழுதுபார்க்கச் சொந்தக்காரர்களுக்கு மனம் வரவில்லை. வீடுகள் இற்றுப்போயின. 2001இல் சட்டத்தை முழுமையாக எடுத்ததும் கட்டடங்கள் பிழைத்தன. ஆனால் பல பழைய குடும்பங்களும் சிறு வியாபாரிகளும் வெளியேறினார்கள். இரண்டும் உண்மை.

ஆனாலும் இடிப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பேன். 1989இல் பாதுகாக்க வேண்டிய முதல் வட்டாரங்கள் அரசிதழில் வந்தன, இன்று 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாப்பில் இருக்கின்றன. புழங்காத வீட்டில் ஓடு உடைந்தால் யார் கவனிப்பார்கள்? எனக்குப் பிடித்த உதாரணம் தெலுக் ஆயர் தெருவின் நாகூர் தர்கா. 1828இல் தொடங்கி 1830இல் கட்டி முடித்தது. 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறந்தார்கள். யாருடைய கட்டடமோ அவர்களுடைய கதைதான் இன்றும் உள்ளே இருக்கிறது. எல்லாக் கட்டடத்துக்கும் இது அமையாது. குறைந்தபட்சம் படிக்கட்டையும் முற்றத்தையும் உத்தரங்களையும் விட்டுவைத்தால், பிறகு வருபவர் அந்த வீட்டைப் புரிந்துகொள்ள முடியும். முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே குடைந்துவிட்டால் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை.

கேள்வி: முகப்பில் இருக்கும் பூ ஓடுகள் சில உடைந்திருக்கின்றன. மொத்தத்தையும் மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்த ஓடுகளாக இருக்கலாம். உடைந்ததை மட்டும் மாற்றுங்கள். மற்றவற்றை மென்மையான தூரிகையும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், ஆசிட் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: பின்கட்டில் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒரு சதுர அடி பூசிக் காட்டச் சொல்லுங்கள். பூசுவதற்கு முன்னால் சுவரை நனைக்கிறாரா, ஒரே பூச்சாக அப்பாமல் மெல்லிய அடுக்குகளாகப் போடுகிறாரா, அடுக்குக்கு அடுக்கு நாள் விடுகிறாரா என்று பாருங்கள். 'சீக்கிரம் இறுகக் கொஞ்சம் சிமெண்ட் சேர்த்துக்கலாம்' என்று சொன்னால் காசு கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.