வாசகர் கேள்வி – பதில்: முதல் வகுப்பை வாய்க்கால் கரையில் வையுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் நாலு, ஒரே விசயத்தைச் சுற்றியே இருந்தன: பாடசாலையில் பொறியியல் படிப்பிப்பது. நானும் பொறியியலாளராக இருந்து ஆசிரியத் தொழிலுக்கு வந்தவன் என்பதால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கே இடத்தைக் கொடுக்கிறேன்.

கேள்வி: கட்டாரில் பல வருடம் இயந்திரப் பொறியியலாளராக வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். இப்போது ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தரத்துக்குப் பொறியியற் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். அதிபர் நல்லவர். “உயர்தரத்தோடு நிற்காமல் கீழ் வகுப்பிலிருந்தே ஒரு பொறியியல் திட்டம் கட்டி எழுப்புங்கோ, நான் துணைக்கு நிற்கிறன்” என்கிறார். ஆய்வுகூடத்தில் சில பெட்டிகள் பிரிக்காமலே கிடக்கின்றன. எங்கே தொடங்குவது? முதலில் என்ன வாங்குவது?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: முதல் தவணையில் ஒன்றும் வாங்க வேண்டாம் தம்பி. இருக்கிற பெட்டிகளைப் பிள்ளைகளையே வைத்துப் பிரியுங்கள். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை, எதற்கு என்ன பாகம் குறைகிறது என்று அவர்கள் கையாலேயே ஒரு பதிவேடு எழுதட்டும். அதுவே நல்ல பாடம், உங்களுக்கும் கையிருப்பு தெரிந்துவிடும்.

பிறகு வகுப்பை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்குப் பக்கத்தில் முத்தையன்கட்டுக் குளம் இருக்கிறது. துருசு (குளத்து மதகு) திறந்திருக்கிற நாளாகப் பார்த்து, கமக்காரர் அமைப்புக்கு ஒரு சொல் சொல்லிவிட்டு, இடுப்பளவுக்குக் கூட ஆழமில்லாத ஒரு சின்ன வாய்க்காலுக்குப் போனால் போதும். கையில் ஒரு அளவு நாடா, ஒரு தடி, ஒரு தோடம்பழம், நேரம் பார்க்க ஒரு ஃபோன். நேராக ஓடுகிற இடத்தில் 10 மீற்றரை அளந்து இரண்டு பக்கமும் கம்பு நட்டு, தோடம்பழத்தை மேலே விட்டு அது கடக்கிற நேரத்தை மூன்று பிள்ளைகள் தனித்தனியாக எடுக்க வேண்டும். மூன்று பேருக்கும் மூன்று விடை வரும், வரட்டும், அதைப் பற்றித்தான் அன்றைக்குப் பேச வேண்டும். 25 செக்கன் என்று வைத்துக்கொண்டால் நீரின் மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர். வாய்க்கால் 60 சென்ரிமீற்றர் அகலம், 25 சென்ரிமீற்றர் ஆழம் என்றால் குறுக்குவெட்டு 0.15 சதுர மீற்றர். அடியிலும் கரையிலும் தண்ணீர் மெதுவாக ஓடுவதால் 0.85 ஆல் பெருக்க வேண்டும். செக்கனுக்குக் கிட்டத்தட்ட 51 லீற்றர் வரும்.

இனித்தான் கேள்வியைப் போடுங்கள்: ஒரு ஏக்கர் வயலுக்கு 5 சென்ரிமீற்றர் தண்ணீர் கட்ட எவ்வளவு நேரம் எடுக்கும்? ஏக்கர் என்பது 4047 சதுர மீற்றர், ஆகவே தேவைப்படுவது சுமார் 202 கன மீற்றர், கணக்குப்படி 66 நிமிடம். அந்த வயலுக்குச் சொந்தக்காரரான ஐயாவிடம் கேட்டால் அவர் அதைவிட நிறைய நேரம் சொல்லுவார். மிச்சத் தண்ணீர் எங்கே போனது என்று தேட ஒரு பிள்ளை வாய்க்கால் கரையோடு நடக்கத் தொடங்கினால் உங்கள் பொறியியல் திட்டம் தொடங்கிவிட்டது. சிறுபோகத்தில் தண்ணீருக்கு இழுபறிப்படுகிற வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். அந்த 51 லீற்றர் அவர்களுக்கு வெறும் இலக்கமாகத் தெரியாது.

இரண்டாவதாகச் செய்யவேண்டியது ஒரு பொருளைச் செய்விப்பது. உங்கள் பகுதியில் கச்சான் செய்கிறார்கள், கோது உடைக்கிற வேலை பெரும்பாலும் பெண்கள் கையாலே நடக்கிறது. கச்சான் உடைக்கிற கருவி ஒன்றை ஒரு வருடத்து வேலையாகக் கொடுத்துப் பாருங்கள். சுழலுகிற உருளைக்கும் அசையாத வலைக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது: ஒடுக்கினால் பருப்பு நொறுங்கும், அகட்டினால் கோது உடையாமல் விழும். உங்கள் ஊர்க் கச்சானுக்கு அந்த இடைவெளி எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. நூறு கச்சானை எடுத்து வேணியர் இடுக்கிமானியால் ஒவ்வொன்றாகத் தடிப்பை அளந்து, வரைபு கீறி, அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பரீட்சைக்காக மட்டும் வேணியர் வாசித்த பிள்ளைக்கு அது எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கும். முதல் கருவி சரிவராது. உடைந்தது எத்தனை, உடையாதது எத்தனை, நொறுங்கியது எத்தனை என்று எண்ணி எழுதுவித்துவிட்டு இரண்டாவதைச் செய்யச் சொல்லுங்கள். புள்ளி கொடுப்பதென்றால் இரண்டாவதற்கும் அந்தக் குறிப்புக்கும் கொடுங்கள், முதலாவதற்கு வேண்டாம்.

இதற்கிடையில் படம் கீறப் பழக்குங்கள். பென்சிலால், முப்பக்கத் தோற்றம், அளவோடு. கொம்பியூட்டரில் கீறுவது பிறகு தானாக வரும். கையால் கீறத் தெரியாத பிள்ளை திரையில் அழகாகக் கீறிய துளைக்குள் துளைகருவி போகாமல் நிற்கும்.

இன்னொன்றை நான் கட்டாயம் சொல்ல வேண்டும். வேறெங்கும் ஆசிரியர் “வீட்டிலிருந்து பழைய இரும்பு கொண்டு வாங்கோ” என்று சொல்லலாம், வன்னியில் சொல்லக்கூடாது. போர் முடிந்து இத்தனை வருடமாகியும் கண்ணிவெடி அகற்றும் வேலை இங்கே நடந்துகொண்டுதான் இருக்கிறது. இரும்பு பொறுக்கப் பற்றைக்குள் போய்க் கை கால் இழந்தவர்களை நாங்கள் எல்லாரும் அறிவோம். மூலப்பொருளை வெல்டிங் கடையிலிருந்தோ கராஜிலிருந்தோ நீங்களே போய் எடுத்து வாருங்கள். பிள்ளை கொண்டுவந்து தருகிற எந்தத் துருப்பிடித்த உருளையையும் வகுப்புக்குள் எடுக்காதீர்கள். திட்டத்தின் முதல் விதியாக இதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிற விசயம். உங்களுக்கு ஒரு நாள் இடமாற்றம் வரும். வன்னிப் பாடசாலைகளில் நல்ல முயற்சிகள் செத்தது காசில்லாமல் என்பதைவிட, அதைத் தொடங்கிய ஆசிரியர் போன பிறகு சாவி யாரிடம் என்றே தெரியாமல் போனதால்தான். யாழ்ப்பாணத்திலிருந்து விடிய பஸ் ஏறி வந்து பின்னேரம் திரும்பிப் போகிற ஆசிரியர்கள் நிறையப் பேர், அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனபடியால் முதல் நாளிலிருந்தே நீங்கள் இல்லாத வருடத்தை நினைத்துக் கட்டுங்கள். கணித பாடத்திலோ விஞ்ஞானத்திலோ உள்ளூர் ஆசிரியர் ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் படம், அளவுகள், எது பிழைத்தது என்ற குறிப்பு எல்லாம் தமிழில் ஒரு கோப்பில் பாடசாலையிலேயே இருக்க வேண்டும், உங்கள் மடிக்கணினியில் அல்ல. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஏழாம் ஆண்டுப் பிள்ளைக்கு அளக்கப் பழக்கட்டும். வெளியாட்களையும் உள்ளே கொண்டு வாருங்கள்: கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, அங்கே படிக்கிற பிள்ளைகள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்தாலே பெரிய உதவி. லாண்ட் மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) திருத்துகிற உங்கள் ஊர்க் கராஜ்காரரையும் அதே மரியாதையோடு கூப்பிடுங்கள், சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்குள் என்ன பிழை என்று சொல்லுகிற ஆட்கள் அவர்கள்.

கேள்வி: மகள் சாதாரண தரம் நல்லாகச் செய்திருக்கிறா. பொறியியலாளராக வர ஆசை. பக்கத்துப் பாடசாலையில் தொழினுட்பப் பிரிவுதான் உண்டு, கணிதப் பிரிவுக்குக் கிளிநொச்சி ரவுணுக்குப் போக வேண்டும். இரண்டும் ஒன்றுதான், பக்கத்திலேயே விடுங்கோ என்று சிலர் சொல்லுகினம். உண்மையா?
– தாய் ஒருவர், தருமபுரம்

பதில்: இல்லை அக்கா, ஒன்றல்ல. இதைத் தெரியாமல் தெரிவுசெய்து பிறகு கவலைப்பட்ட குடும்பங்கள் பல. பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டத்துக்குப் போக இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் வேண்டும். 2013 இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவில் பொறியியற் தொழினுட்பம் படித்தால் போகக்கூடியது பொறியியற் தொழினுட்பப் பட்டத்துக்கு. அதற்குக் கிளிநொச்சியிலேயே யாழ் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் இருக்கிறது. நாடுகள் ஒன்று மற்றதன் பட்டப்படிப்பை ஏற்றுக்கொள்கிற உடன்படிக்கைகளும் இரண்டுக்கும் தனித்தனி: பொறியியலாளருக்கு வாஷிங்டன் உடன்படிக்கை, தொழினுட்பவியலாளருக்கு சிட்னி உடன்படிக்கை.

எது உயர்வு என்ற கதையை விடுங்கள். கணக்கில் ஊறிப்போகிற பிள்ளையா, கையால் செய்து பார்த்தால்தான் மனம் நிறைகிற பிள்ளையா என்று பாருங்கள். இணைந்த கணிதத்துக்குப் பயமில்லை என்றால் பஸ் பயணத்தைப் பொருட்படுத்தாமல் கிளிநொச்சிக்கு விடுங்கள். செய்முறையில்தான் நாட்டம் என்றால் தொழினுட்பப் பிரிவு அவவுக்கு ஏற்ற இடம். மாவட்ட ஒதுக்கீட்டிலும் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டிலும் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் உண்டு என்பதையும் மறக்காதீர்கள். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் அறிவியல் நகரில் இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே படித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். மகளையும் பக்கத்தில் இருத்தி இதையெல்லாம் சொல்லுங்கள். படிக்கப் போறது அவதானே.

கேள்வி: நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். மகனின் பாடசாலையில் ரோபோ செய்து போட்டிக்குப் போகிறார்கள். எங்கள் பழைய மாணவர் சங்கம் முல்லைத்தீவில் நான் படித்த பாடசாலைக்கு ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரம் அனுப்ப யோசிக்கிறது. நல்ல முடிவா?
– பழைய மாணவர்

பதில்: உங்கள் மனம் பெரிது, ஆனால் முதலில் அதை அனுப்ப வேண்டாம். அச்சு இழை ஈரத்தை இழுக்கும், மார்கழி மழையில் அதைக் காயவைத்துப் பாதுகாப்பது பெரும்பாடு. நொசில் அடைத்தால் மாற்று முல்லைத்தீவில் எங்கே வாங்குவது? சாதாரண பி.எல்.ஏ. இழையில் செய்த பொருள் 60 பாகைச் சூட்டுக்குள்ளேயே இளகத் தொடங்கும், எங்கள் வெயிலில் தகரத்தில் ஒட்டி வைத்தால் வளைந்துவிடும். அதே காசுக்கு நல்ல பிடிகருவிகள் நாலு, மேசைத் துளைகருவி ஒன்று, மல்டிமீற்றர் பத்து, வேணியர் பத்து, எல்லாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கலாம். மிச்சத்தை வருடா வருடம் ஆணி, கம்பி, பலகை, ஈயம் வாங்குவதற்கென்று பிரித்து வையுங்கள். செய்முறை வகுப்பு நின்றுபோவது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் சாமான் முடிவதால்தான், அதற்கு யாரும் பெயர்ப்பலகை வைத்துக் காசு தருவதில்லை.

மகன் போகிற போட்டி, அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989 இல் தொடங்கிய ஃபெர்ஸ்ட் (FIRST) அமைப்பினுடையதாக இருந்தால், அதில் எடுக்கவேண்டியது ரோபோவை அல்ல. வேலையிலிருக்கும் பொறியியலாளர்கள் பின்னேரங்களில் வந்து பிள்ளைகளோடு சேர்ந்து வேலை செய்கிறார்களே, அதை எடுங்கள். உங்கள் சங்கத்திலும் பொறியியலாளர் இருப்பார்கள். கிழமையில் ஒரு மணித்தியாலம் காணொளி அழைப்பில் பிள்ளைகளின் படத்தைப் பார்த்துத் தமிழிலேயே கேள்வி கேட்கட்டும். இயந்திரத்தை மூன்றாம் வருடம் அனுப்பலாம், அதுவும் அங்குள்ள ஆசிரியர் தானாகக் கேட்டால்.

கேள்வி: நான் பதினோராம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் தோட்டத்துக்கு யானை வருகிறது. பாடசாலைச் செயற்திட்டத்துக்கு மின்சார யானை வேலி செய்யலாமா?
– மாணவி, மாங்குளம்

பதில்: வேலி வேண்டாம் தங்கச்சி. வீட்டுக் கரன்டைக் கம்பியில் விட்டு யானையும் செத்து மனிசரும் செத்த கதைகள் உனக்கும் தெரிந்திருக்கும், அது சட்டப்படியும் குற்றம். அனுமதிக்கப்பட்ட வேலியில் தொடர்ச்சியாகக் கரன்ட் ஓடுவதில்லை. அதற்கென்று செய்த கருவி மிகச் சிறிய துடிப்புகளாக, துடிப்புக்குத் துடிப்பு ஒரு செக்கனாவது இடைவெளி விட்டு அனுப்பும். அந்தக் கருவி பாடசாலையில் செய்யக்கூடிய ஒன்றல்ல.

அதற்குப் பதிலாக எச்சரிக்கை மணி செய். 9 வோல்ற் பற்றறி, ஒரு என்.பி.என். (NPN) வகைத் திரான்சிஸ்ரர், 100 கிலோ ஓம் தடை, ஒரு பசர், தோட்டத்தைச் சுற்றிவர மெல்லிய செப்புக் கம்பி. பசரைப் பற்றறியின் நேர் முனைக்கும் திரான்சிஸ்ரரின் சேகரிப்பானுக்கும் (collector) இடையில் போடு, காலியை (emitter) மறை முனைக்குக் கொடு, தடையை பற்றறியின் நேர் முனையிலிருந்து அடிவாய்க்குக் (base) கொடு. சுற்றிவரும் கம்பி அடிவாயை மறை முனையோடு இணைத்து வைத்திருக்கும் வரை திரான்சிஸ்ரர் மூடிக்கிடக்கும். யானை கம்பியை அறுத்த உடனே திறந்து மணி அடிக்கும். கம்பி அறாமல் இருக்கும்போது எடுக்கிற மின்னோட்டம் 0.09 மில்லி அம்பியர்தான். 500 மில்லி அம்பியர் மணி கொள்ளளவுள்ள பற்றறி எத்தனை மாதம் வரும் என்று நீயே கணக்குப் பார், விடை ஏழரைக்குக் கிட்ட வர வேண்டும். பசரைத் தோட்டத்தில் வைக்காமல் வீட்டுக்குள் வை, சத்தம் கேட்டால் யாரும் இருட்டில் வெளியே ஓடாமல் முதலில் அயலாருக்கு ஃபோன் எடுங்கள். ஆடு, மாடு அறுத்தாலும் மணி அடிக்கும், அதைக் குறைக்கக் கம்பியை எந்த உயரத்தில் கட்டுவது என்று நீதான் சோதித்து எழுத வேண்டும். சரிவந்ததும் சுற்றின் படத்தைக் கீறி எங்களுக்கு அனுப்பு, இந்தப் பக்கத்திலேயே போடுகிறோம்.