சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் இளவேனில் காலக் காய்கறித் தோட்டத்தை எப்படிப் பராமரிப்பது?

சென்னையில் மொட்டை மாடித் தோட்டம் வைத்திருந்ததாகவும், அண்மையில் இங்கே ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் குடிவந்திருப்பதாகவும், வசந்தமும் கோடையும் தனித்தனியே தெரியாத இந்த ஊரில் பங்குனி முதல் ஆனி வரை எதை எப்போது விதைத்து எவ்வாறு காப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏழாவது மாடியில், வடக்கு நோக்கிய பொது நடைவழி கொண்ட வீட்டில் ஒன்பது ஆண்டுகளாகக் காய்கறி வளர்த்துவருபவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது மழையை நம்பி நிலத்தை உழுதவர்களின் கணக்கு. இங்கே மழை எல்லா மாதமும் பெய்கிறது. பகல் பொழுதும் மாறுவதில்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய பத்து நிமிடமே வேறுபாடு. ஆகவே இங்கே பருவமே கிடையாது என்று பலர் சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அடுக்குமாடி வீட்டில் தொட்டி வைப்பவருக்கு மிகத் தெளிவான ஒரு பருவ மாற்றம் உண்டு. அது வெயில் கட்டடத்தின் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பதே.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.3 டிகிரி வடக்கே இருக்கிறது. மார்ச் மாதத்தின் மூன்றாவது, நான்காவது வாரங்களில் சூரியன் நண்பகலில் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதற்குப் பிறகு வடக்குப் பக்கமாக நகர்கிறது. ஜூன் 21 அளவில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து ஏறக்குறைய 22 டிகிரி வடக்கே சாய்ந்திருக்கும். பின்னர் மெல்லத் திரும்பி, செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே போய்விடும். (இந்த ஊர்க் கடிகாரத்தில் 'நண்பகல்' என்பது பன்னிரண்டு மணியன்று, ஒரு மணியை ஒட்டியது.) இதன் பொருள், வடக்கு நோக்கிய நடைவழிக்கு அக்டோபர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை நேர் வெயில் கிட்டத்தட்ட இல்லை, தெற்கு நோக்கிய சமையலறைச் சன்னலுக்கோ அந்த மாதங்களில்தான் வெயில். பங்குனி பாதியில் இந்த நிலை தலைகீழாகிறது. என்னைப் பொறுத்தவரை இதுதான் சிங்கப்பூரின் இளவேனில்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியால். குடிவந்த முதல் ஆண்டு, தைப் பொங்கல் முடிந்த கையோடு நான்கு தொட்டிகளில் கத்தரி நாற்று நட்டேன். செடிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு, வெளிறிய இலைகளோடு, கைப்பிடிச் சுவருக்கு வெளியே இருந்த வானத்தைத் தேடிச் சாய்ந்தனவே தவிரத் தடிக்கவில்லை. எரு போதவில்லை என்று எண்ணி எரு வைத்தேன்; விதை சரியில்லை என்று நினைத்து வேறு விதை வாங்கினேன். இரண்டு வீடு தள்ளியிருந்த மலாய் மக்சிக் (அத்தை) ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "மத்தாஹாரி பெலும் சம்பாய்" என்றார். 'வெயில் இன்னும் வந்து சேரவில்லை' என்பதுதான் அதன் பொருள். மார்ச் கடைசியில் ஒருநாள் காலை, கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பில் ஒரு விரற்கடை அகலத்துக்கு மஞ்சள் கோடு ஒன்று தென்பட்டது. ஒவ்வொரு வாரமும் அது அகன்று, ஏப்ரல் முடிவதற்குள் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கியது. அதே செடிகள், அதே மண்ணில், வைகாசியில் ஊதா நிறப் பூ விட்டன.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது விதை வாங்குவதன்று. உங்கள் நடைவழி எத்திசையை நோக்குகிறது என்பதைக் கைப்பேசித் திசைகாட்டியில் பார்த்துக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு வரை மணிக்கு ஒருமுறை வெயில் விழும் இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்துவையுங்கள். எதிர்ப் புளோக்கின் நிழல் எப்போது வந்து மூடுகிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும். ஆறு மணி நேரம் நேர் வெயில் கிடைத்தால் கத்தரி, வெண்டை, மிளகாய், பாகல் ஆகியவற்றை நம்பி நடலாம். மூன்று நான்கு மணி நேரமே கிடைத்தால் கீரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதில் குறையொன்றுமில்லை, இங்கே 'பாயாம்' என்று மலாய்ப் பெயரில் விற்கப்படும் தண்டுக்கீரையை விதைத்த நான்கு வாரத்தில் பறித்துவிடலாம், கங்கோங் எனப்படும் வள்ளைக்கீரையையோ தண்டை நட்டே வளர்த்துவிடலாம்.

நடைவழி கிழக்கு நோக்கியதாக இருந்தால் ஆண்டு முழுவதும் காலை வெயில் கிடைக்கும் பேறு பெற்றவர் நீங்கள். மேற்கு என்றால் ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் இளநாற்றுகளுக்கு நிழல்வலை கட்டாயம் தேவைப்படும். சிங்கப்பூரில் பதிவான மிக அதிக வெப்பமாகிய 37 டிகிரி செல்சியஸ், 1983 ஏப்ரல் 17 அன்று தெங்காவிலும் 2023 மே 13 அன்று அங் மோ கியோவிலும் பதிவாயிற்று. இரண்டும் நீங்கள் கேட்கும் இந்த மாதங்களுக்குள்தான் வருகின்றன.

அடுத்தது தண்ணீர். இந்த மாதங்களில் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுதான். பிப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலும் வறண்ட வடகிழக்குக் காற்று வீசுவதால் தொட்டி மண் சீக்கிரம் காய்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இடி மின்னலுடன் மழை கொட்டும்போது, செடிக்கும் நீர் கிடைத்துவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. ஆனால் மேல்தளத்தின் கூரைக்கு அடியிலிருக்கும் நடைவழித் தொட்டியில் பெரும்பாலான நாட்களில் ஒரு சொட்டும் விழுவதில்லை. இலையில் நான்கு துளி தெறித்திருக்கும், வேர் காய்ந்து கிடக்கும். வானத்தைப் பார்த்து நீர் ஊற்றாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் தட்டாவிட்டால் மட்டும், அடித்துளை வழியாக நீர் வெளியேறும் அளவுக்கு நிதானமாக ஊற்றுங்கள். காலை ஏழரை மணிக்குள் இதை முடித்துவிட்டால் பகல் முழுவதும் செடி தாக்குப்பிடிக்கும்.

திறந்த வெளியில் பயிரிடுபவரின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் கொண்ட பாத்தி ஒன்று என் தோழிக்குக் கிடைத்திருக்கிறது. அங்கே ஒரே மழையில் மண்ணிலுள்ள சத்தெல்லாம் கரைந்து இறங்கிவிடுகிறது என்பதால், மழைக்குப் பிந்திய நாட்களில் மக்கிய எருவை மேலாகத் தூவி, காய்ந்த இலைகளால் மூடிவைக்கிறாள். உங்களுக்கும் அப்படியோர் இடம் வேண்டுமென்றால் அதற்கு விண்ணப்பிக்கலாம். அல்லது உங்கள் பேட்டையிலுள்ள சமூகத் தோட்டக் குழுவில் சேரலாம். 2005ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் திட்டம் அது. நாற்றும் கிடைக்கும், அனுபவமுள்ளவர்களின் பேச்சுத்துணையும் கிடைக்கும்.

தக்காளியைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். இரவு வெப்பம் இருபத்தைந்துக்குக் கீழே அதிகம் இறங்காத இந்த மாதங்களில் பெரிய தக்காளி வகைகளில் மகரந்தம் சரியாக வேலை செய்வதில்லை. பூ பூக்கும், காம்போடு உதிரும். மிகவும் ஆசையாக இருந்தால் வெப்பம் தாங்கும் சிறு தக்காளி வகையை நடுங்கள். கொத்தமல்லியும் சூட்டில் வேகமாகப் பூத்துத் தண்டோடிவிடும். நம் வெண்டையும் கத்தரியும் பாகலும் மிளகாயும் இந்த வெயிலை விரும்புபவை. அவற்றுக்கே இடம் கொடுங்கள்.

பாகலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயர்ந்த மாடிகளில் அது காய்க்கவில்லை என்று வருந்துபவர்கள் அதிகம். கொடியில் முதலில் வருபவை ஆண் பூக்கள் மட்டுமே. ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் பெண் பூ தலைகாட்டும். இரண்டையும் பிரித்தறிய இதழைப் பார்க்க வேண்டாம், காம்பைப் பாருங்கள். ஆண் பூவின் காம்பு நூல்போல் வெறுமனே இருக்கும். பெண் பூவுக்குக் கீழே, முள்முள்ளாகப் புடைத்த, அரிசி மணியைவிடச் சற்றே பெரிய ஒரு குட்டிப் பாகற்காய் அப்போதே இருக்கும். ஏழாவது மாடிக்குத் தேனீ வருவது எப்போதாவதுதான். எனவே காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில், அன்று விரிந்த ஆண் பூவொன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளியெறிந்து, நடுவிலுள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவிலுள்ள பச்சை முனைகளில் மெதுவாகத் தொட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் அந்தக் குட்டிக்காய் நிமிர்ந்து பச்சை பிடித்தால் காய் நின்றுவிட்டது என்று பொருள். மஞ்சளித்தால் மகரந்தம் சேரவில்லை. நின்ற காயை உடனே காகிதப் பையால் மூடிக் கட்டிவிட வேண்டும், இல்லையெனில் பழ ஈ முட்டையிட்டு உள்ளே புழு வைத்துவிடும். புடலை, சுரை இரண்டுக்கும் பூ மாலைக்குமேல்தான் விரியும், ஆகவே அவற்றுக்கு இதே வேலையை அந்தியில் செய்ய வேண்டும். வெண்டைக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை; தானே கருவுறும். பூ உதிர்ந்து நான்கைந்து நாளில் பறித்துவிடுங்கள். தேக்கா சந்தையில் செய்வதுபோல் நுனியை ஒடித்துப் பார்த்து, 'டக்'கென ஒடியாமல் வளைந்தால் ஒரு நாள் தாமதித்துவிட்டீர்கள்.

பூச்சிகளில் காய்ந்த வாரங்களில் சிலந்திப்பேனும், புழுக்கமான வாரங்களில் மாவுப்பூச்சியும் வரும். இலையின் அடிப்புறத்தை வாரம் இருமுறை திருப்பிப் பார்ப்பதே பாதி மருந்து. ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகே தெளியுங்கள். ஒருமுறை நடுப்பகலில் தெளித்து, அருமையாகக் காய்த்திருந்த மிளகாய்ச் செடி இரண்டின் இலைகள் கருகிப்போனதை இன்றும் வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

கொசுவைப் பற்றி அப்படிச் சுருக்கமாக முடிக்க எனக்கு மனமில்லை. இந்த ஊரில் டெங்கி வழக்கமாக ஆண்டின் நடுமாதங்களில் ஏறுகிறது. 2020இல் மட்டும் 35,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஒரு வாரம் போதும். ஒரு தட்டில் தேங்கிய சிறிதளவு தெளிந்த நீரும் போதும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காமலிருப்பது சிறந்தது. கீழே தண்ணீர் ஒழுகி அயலாருக்கு இடையூறாகும் என்று தட்டு வைத்தால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் முட்டை நீரில் மிதப்பதில்லை, ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பலருக்குத் தெரியாத இன்னொன்று, தேசியச் சுற்றுப்புற வாரியமும் வலியுறுத்துவது, இறுகிய மண்ணைக் கிளறிவிடுவது. மேல்மண் கெட்டித்துப்போனால் ஊற்றிய நீர் உள்ளே இறங்காமல் குட்டைபோல் நிற்கும், அதுவும் கொசுவுக்குத் தொட்டில்தான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய முள்கரண்டியால் எல்லாத் தொட்டிகளையும் கிளறிவிடுகிறேன். வேருக்குக் காற்றும் கிடைக்கிறது.

தொட்டி வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை இரண்டு கட்டுப்பாடுகளைத் தவறாமல் கடைப்பிடியுங்கள். நடைவழியில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும். தள்ளுபடுக்கையோடு மருத்துவ உதவியாளர்கள் ஓடிவர நேர்ந்தால் உங்கள் கத்தரிச்செடி குறுக்கே நிற்கக்கூடாது. கைப்பிடிச் சுவரின் மேல் எதையும் வைக்கவே கூடாது. ஜூன் பிறந்ததும் தென்மேற்குப் பருவக் காற்றோடு, விடியலுக்கு முன்பே சில நாட்களில் சுமத்ராப் பக்கமிருந்து சூறைக்காற்று பாய்ந்து வரும். ஒரு விடிகாலை அப்படி வந்த காற்றில் என் பாகல் பந்தல் முழுவதும் சாய்ந்தது. நடைவழிக்குள்ளேயே விழுந்ததால் எவருக்கும் தீங்கில்லை. அதன்பிறகு மூங்கில் கழிகளைத் தொட்டியோடு கட்டாமல், அடியில் செங்கல் ஏற்றிய கனமான தாங்கியோடு கட்டுகிறேன். தாங்கியைச் சுவரின் உட்புறத்தை ஒட்டி வைத்தால், தொட்டி சுவருக்குக் கீழேயே நின்று, செடியின் தலை மட்டும் வெயிலுக்கு வரும்.

ஆனி பிறக்கும்போது கத்தரி களைத்துப்போய்க் காய் சிறுக்கத் தொடங்கும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வடக்குப் பக்க வெயில் செப்டம்பர் வரை இருக்கிறது. தரையிலிருந்து ஒரு முழம் விட்டுக் கவாத்து செய்து, மேல்மண்ணில் நான்கு விரல் ஆழத்தை அள்ளியெடுத்துப் புதிய மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, வழக்கம்போல் நீர் ஊற்றிவாருங்கள். பத்துப் பதினைந்து நாளில் கணுக்களில் துளிர் வெடிக்கும். ஆவணி பிறக்கும்போது மறுபடியும் காய் பறிக்கலாம். தெற்குச் சன்னல் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அங்கே வைப்பதற்கான மிளகாய் நாற்றை ஆகஸ்ட் கடைசியில் விதைத்துவிடுங்கள். வெயில் அந்தப் பக்கம் திரும்பும் நேரத்துக்கு அது தயாராக இருக்கும்.