பிகோனியா வாடினால் உடனே தண்ணீர் ஊற்றலாமா?

வண்ண இலைகளுக்காக வளர்க்கும் ரெக்ஸ் பிகோனியா துவண்டு தொங்குகிறது. தினமும் தண்ணீர் ஊற்றியும் தேறவில்லையே?

தினமும் ஊற்றுவதுதான் வினை. பிகோனியாவின் வேர்கள் மயிரிழையாக மெல்லியவை. எந்நேரமும் ஈரத்தில் கிடந்தால் காற்று கிடைக்காமல் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. மண் சொதசொதவென்று இருக்கும்போதே செடி தாகத்தில் வாடும். அதைப் பார்த்து இன்னொரு குவளை ஊற்றுகிறோம், கதை முடிகிறது.

செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாக உருவிப் பாருங்கள். வேர் வெளிறி, உறுதியாக இருந்தால் பிழைத்துவிடும். பழுப்பாகிக் குழைந்து, இழுத்தால் தோல் மட்டும் கையோடு வரும் வேர்களை வெட்டிவிடுங்கள். மிச்சத்தை கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்த பொலபொலப்பான கலவையில், சின்னத் தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டி வேண்டவே வேண்டாம். வேர் எட்டாத மண் லேசில் காயாது. அப்புறம், மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்த பிறகே தண்ணீர்.

இலை ஓரம் மொறுமொறுவென்று காய்கிறது. இலைமேல் தண்ணீர் தெளிக்கலாமா?

வேண்டாம். தெளித்த ஈரம் சில நிமிடங்களில் போய்விடும். இலையில் தங்கும் நீர் கறைக்கும் அழுகலுக்கும் வழிவிடும். காற்று வறண்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். ஏசி காற்று நேராகப் படும் இடத்திலிருந்து மாற்றி, மற்றச் செடிகளோடு சேர்த்து வையுங்கள்.

இலையில் மாவு தூவியதுபோல் வெள்ளைத் திட்டுகள்?

சாம்பல் நோய். திட்டு விழுந்த இலைகளை உடனே கிள்ளி, செடிக்குப் பக்கத்தில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். காற்றோட்டம் தேவை. (சேர்த்து வைக்கச் சொன்னேன், இலையோடு இலை உரச நெருக்கச் சொல்லவில்லை!) பிறகும் பரவினால் பூஞ்சைக்கொல்லி, முதலில் ஒரே ஒரு இலையில் அடித்துப் பாருங்கள்.

புள்ளி போட்ட இலைகள் கொண்ட மக்குலாட்டா பிகோனியா நெடுநெடுவென வளர்ந்து அடியில் மொட்டையாக நிற்கிறது.

தயங்காமல் வெட்டுங்கள். கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அங்கிருந்து பக்கக் கிளை வரும். வெட்டிய நுனியைக் கணு மூழ்கும்படி தண்ணீரில் வைத்தால் வேர் விடும். இடத்தையும் மாற்றுங்கள், பெரும்பாலும் வெளிச்சம் போதாதபோது இப்படி ஓடும். சன்னலோரம் நல்லது, சுள்ளென்ற நேர்வெயில் ஆகாது.

பூத்த பூக்கள் கொட்டுகின்றன. நோயா?

உதிர்ந்த பூவைத் திருப்பிப் பாருங்கள். இதழ்களுக்குப் பின்னால் இறக்கை வைத்த குட்டிப் பை இருந்தால் பெண் பூ, இல்லையென்றால் ஆண் பூ. ஒரே செடியில் இரண்டும் பூக்கும். ஆண் பூ சீக்கிரம் உதிர்வது இயல்பு. மொட்டாகவே கொட்டினால்தான் தண்ணீரையும் வெளிச்சத்தையும் கவனிக்க வேண்டும்.

கிழங்கு பிகோனியா முழுக்க மஞ்சளாகி விழுந்துவிட்டது. தூக்கிப் போடவா?

பொறுங்கள். பூத்து முடிந்ததும் அது உறங்கப் போகும். கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தண்ணீரை நிறுத்தி, உலர்ந்த குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். முளை தெரிந்ததும் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி நட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள்.