காலையில் பண்ணைக் கடல், மதியத்தில் கேபிள்

கேள்வி: கொக்குவிலில் எங்கள் வீடு. ஜனவரிக் கடைசியில் அக்காவின் பிள்ளைகள் கொழும்பில் இருந்து சனி, ஞாயிறு நிற்க வருகிறார்கள். பூநாரை காட்ட வேண்டும். அதே இரண்டு நாளில் வீட்டு இன்டர்நெற்றையும் திருத்த நினைக்கிறோம். றவுட்டர் முன் ஹோலில் இருக்கிறது. பின்னறையில் வைஃபை வருவதே இல்லை. ரிப்பீற்றர் வாங்கிப் போட்டும் வேகம் பாதிதான். கிணற்றடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைத்துக் கமரா பூட்டவும் ஆசை. எதை எப்போது செய்வது?

பதில்: நேரத்தை வெயிலே பிரித்துத் தரும். ஜனவரியில் சூரியன் காலை ஆறரை மணியளவில் எழும்பும். அதிலிருந்து ஒன்பது மணிவரை பறவைக்கு. பிறகு நீரேரியின் மேல் கானல் எழும்பி, தூரத்துப் பறவைகள் தொலைநோக்கியில் நெளியத் தொடங்கும். அதோடு மினக்கெடாமல் வீட்டுக்கு வந்து கேபிள் வேலையைத் தொடங்குங்கள்.

கோட்டையடியில் இருந்து பண்ணைத் தாம்போதியால் மண்டைதீவுப் பக்கம் போங்கள். றோட்டு தென்மேற்காக ஓடுகிறது. இந்த மாதத்தில் காலைச் சூரியன் தென்கிழக்கில். ஆகவே போகும்போது வலக்கைப் பக்கத்து நீரைப் பார்த்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நிறம் துலங்கும். இடக்கைப் பக்கம் எல்லாம் கறுப்பு உருவங்களாகத்தான் தெரியும். நெடுங்கால் உள்ளான், கரண்டிவாயன், ஆலா, ஊசிவால் வாத்து ஆகியவற்றுக்கு இது நல்ல காலம்.

பூநாரைக்கு மட்டும் உறுதி சொல்ல முடியாது. அது தலையைக் கவிழ்த்து அலகால் நீரை வடித்துப் பாசியையும் சிற்றுயிர்களையும் தின்பது. ஆகவே கால் ஊன்றி நிற்கக்கூடிய ஆழமற்ற உவர்நீர் வேண்டும். மார்கழி மழை பிந்தி நீர்மட்டம் இறங்காமல் இருந்தால் கூட்டம் வேறு இடம் தேடிப் போய்விடும். களங்கண்டி வலை கட்டுகிறவர்களைக் கேளுங்கள். நாள்தோறும் அந்த நீரில் நிற்பவர்கள் அவர்கள். பண்ணையில் இல்லாவிட்டால் ஞாயிறு காலை அரியாலைக் கரைக்குப் போய்ப் பாருங்கள். 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் ஆன சுண்டிக்குளம் இன்னும் நல்ல இடம்தான், ஆனால் ஒரு முழு நாளை விழுங்கிவிடும். நெடுந்தீவுக் குதிரைகளும் அப்படித்தான். அடுத்த முறைக்கு வையுங்கள்.

தொலைநோக்கி 8×42 போதும். 10 மடங்கு சிறுவர் கையில் நடுங்கும். பறவைகள் எல்லாம் ஒன்றாகத் தலை நிமிர்த்தி நடக்கத் தொடங்கினால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். படத்துக்காகக் கூட்டத்தைப் பறக்கவைக்கவே கூடாது. அவை தின்று சேர்த்த பலம் அதில் வீணாகிறது.

இனி வீடு. முதலில் மடிக்கணினியைக் கேபிளால் நேரே றவுட்டரில் கொழுவி வேகத்தை அளவுங்கள். அதுவே குறைவென்றால் பிழை லைனில். சேவை தருபவரைத்தான் கேட்க வேண்டும். அங்கே சரியாக இருந்து பின்னறையில் மட்டும் இல்லையென்றால் பிழை சுவரில். பழைய வீட்டுச் சுண்ணாம்புக்கல் சுவரின் தடிப்பு, புதுவீட்டுக் கொங்கிறீற்றுக் கம்பி இரண்டுமே அலையைத் தின்னும். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹேர்ட்ஸைக் கூடுதலாகத் தின்னும், 2.4 கிகாஹேர்ட்ஸைக் குறைவாக. ரிப்பீற்றர் ஒரே சனலில் கேட்டு, அதே சனலில் திருப்பிச் சொல்கிறது. அதனால்தான் வேகம் பாதியாகிறது.

நல்ல வழி கேபிள்தான். வெளியில் போடக்கூடிய கறுப்பு உறை கேட்-6, முழுச் செம்பு, 60 மீற்றர் வாங்குங்கள்: ஹோலில் இருந்து பின்னறைக்கு 30, அங்கிருந்து கிணற்றடிக்கு 20, மிச்சம் கைக்காவல். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் மலிவு, ஆனால் அதன் வழியே கமராவுக்கு மின்சாரம் அனுப்பினால் அழுத்தம் கூடுதலாக விழும், கமரா திரும்பத் திரும்ப அணைந்து எழவும் கூடும். 20 மில்லிமீற்றர் பி.வி.சி. பைப்புக்குள் இழுங்கள், கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், ஒரு சாணாவது விலக்குங்கள். இரு முனையிலும் நிற ஒழுங்கு ஒன்றே: வெள்ளைச்செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைக்கபிலம், கபிலம்.

வீட்டில் பழைய றவுட்டர் இருந்தால் பின்னறையில் அதையே வைக்கலாம். அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி (முதன்மை றவுட்டர் 192.168.1.1 என்றால்), டி.எச்.சி.பி.யை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) நிறுத்தி, ஹோலில் இருந்து வரும் கேபிளை இணைய லைனுக்கான வான் (WAN) துளையில் அல்ல, வீட்டுக் கருவிகளுக்கான லான் (LAN) துளையில் கொழுவுங்கள். டி.எச்.சி.பி.யை நிறுத்த மறப்பதுதான் வழக்கமான பிழை: இரண்டு பெட்டியும் முகவரி கொடுக்க, ஒரு போன் வேலை செய்யும், மற்றது செய்யாது. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். 2.4 கிகாஹேர்ட்ஸ் சனல் மட்டும் ஒன்றில் 1, மற்றதில் 11.

கமராவுக்குப் பி.ஓ.ஈ. வகை (நெட்வேர்க் கேபிளாலேயே மின்சாரமும் எடுப்பது) வாங்கினால் கிணற்றடிக்குத் தனிக் கரண்ட் வயர் வேண்டாம். கேபிளுக்குள் மின்சாரம் ஏற்றும் இன்ஜெக்டரைப் பின்னறையில் வைத்து, அந்த றவுட்டரின் இன்னொரு லான் துளையில் இருந்து அதற்குக் கேபிள் கொடுங்கள். கமராவில் 802.3ஏஎஃப் (பி.ஓ.ஈ.யின் ஒரு தரநிலை) என்று இருந்தால் இன்ஜெக்டரும் அதுவாகவே இருக்கட்டும். 24 வோல்ற் வகை ஒத்துவராது. வெளி இணைப்பை மூடிய பெட்டிக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் உப்புக்காற்றில் முனை பச்சை பிடிக்கும். கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே தொங்கி வளையட்டும். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

பதிவைக் கமராவின் மெமரிக் கார்ட்டிலேயே வையுங்கள். நொடிக்கு 2 மெகாபிட் என்றாலும் நாள் முழுவதும் இணையத்துக்கு அனுப்பினால் 21 கிகாபைட்டுக்கு மேல் போகும். 128 கிகாபைட் கார்ட்டில் ஐந்தாறு நாள் கொள்ளும். அசைவைக் கண்டால் மட்டும் பதியும்படி விடலாம். தென்னோலை நிழல் விழும் இடத்தை அசைவுப் பகுதியில் இருந்து நீக்குங்கள், இல்லையேல் நாளெல்லாம் ஓலையைத்தான் பதியும்.

இடி மின்னல் வருமுன் அடப்டர்களைக் கழற்றும்போது கிணற்றடிக் கேபிளையும் கழற்றுங்கள். இணைய லைன் பைபர் நார் என்றால் அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் வளவில் ஓடும் செம்புக் கேபிள் கடத்தும்.

தண்ணீர்ச் சட்டி ஆழமற்றது, மூன்று நான்கு சென்ரிமீற்றர். கமராவில் இருந்து ஒன்றரை இரண்டு மீற்றர் தள்ளி, பூனை பதுங்கப் பற்றை இல்லாத இடத்தில் வையுங்கள். இரண்டு நாளுக்கொருமுறை ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு பெருகும். சட்டியைச் சனி காலையிலேயே வைத்துவிடுங்கள். புது ஏனத்தைப் பறவைகள் உடனே நம்பாது; கமராவைப் பூட்டும் ஞாயிறு மத்தியானத்துக்குள் புலுனிக் கூட்டமாவது பழகிக்கொள்ளட்டும்.