திரையைவிடக் கைதான் மோசம்: கண் பழக்கங்கள் குறித்த கேள்வி பதில்

கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது என் வேலை. கண்ணாடி, லென்ஸ், தினசரிப் பழக்கங்கள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். கத்தி வைக்கும் விஷயங்களை அறுவை மருத்துவரிடம் கேட்பதுதான் முறை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகும் சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள்: எல்லோரும் திரையைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், ஆனால் கண்ணை நிஜமாகவே கெடுப்பது பெரும்பாலும் சொந்தக் கைதான். கசக்குவது, வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை எடுத்து விடுவது, கழுவாத கையால் லென்ஸைத் தொடுவது.

கணினிக்காரன்: நாள் முழுக்கக் கணினி முன்னால்தான். சாயங்காலம் ஆனால் மணல் விழுந்த மாதிரி எரிச்சல். கண் கெட்டுக்கொண்டிருக்கிறதா?

கெடவில்லை, காய்கிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும், இமைக்கிற கொஞ்சமும் பாதியில் நின்றுவிடும், மேல் இமை கீழ் இமையைத் தொடுவதே இல்லை. கண்ணீர் என்பது வெறும் தண்ணீர் இல்லை. மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது, இமை விளிம்பில் உள்ள சுரப்பிகளில் இருந்து வருவது. முழுசாக இமைத்தால்தான் அது பரவும், பரவாவிட்டால் தண்ணீர் ஆவியாகிவிடும். ஆகவே திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள், பார்வை தாழும்போது இமையும் தாழ்ந்து கண் திறந்திருக்கும் பரப்பு குறையும். மின்விசிறியோ ஏசியோ நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 விநாடி பார்ப்பது என்ற விதி கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த எண்களில் மந்திரம் எதுவும் இல்லை, அவ்வப்போது தூரமாகப் பார்த்து நன்றாக மூடித் திறந்தால் சரி.

எட்டு வயதுக்காரனின் அம்மா: பையனுக்கு மைனஸ் பவர் வருஷா வருஷம் ஏறுகிறது. போனைப் பிடுங்கி வைத்தால் நின்றுவிடுமா?

போனைப் பிடுங்கி அதே அறையில் புத்தகத்தைக் கொடுத்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. அவனுக்குத் தேவை வெளிச்சம். கிட்டப்பார்வையில், அதாவது மைனஸ் பவர் இருக்கும் கண்ணில், கண்விழி முன்பின்னாக நீண்டுகொண்டே போகிறது. வெளியே இருக்கும் பிரகாசம் விழித்திரையில் டோபமின் என்ற ரசாயனத்தின் சுரப்பைத் தூண்டி அந்த நீட்சியை மட்டுப்படுத்துகிறது என்பதுதான் இப்போதைக்கு வலுவாக இருக்கும் விளக்கம். வீட்டுக்குள் வெளிச்சம் பொதுவாகச் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), வெளியே பகலில் பல ஆயிரம், மர நிழலில்கூட உள்ளே இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். சீனாவின் குவாங்சோ நகரத்தில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள், முடிவு 2015இல் வந்தது. மூன்று வருஷத்தில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, வழக்கம்போல இருந்தவர்களில் 39.5 சதவீதம். வெளியே விடுவது புதிதாக வருவதைத் தடுப்பதில் நன்றாகவே உதவுகிறது, ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கும் பவரை அடக்க அது மட்டும் போதாது. அதற்கென்றே குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு, தனி வகைக் கண்ணாடிகள் எல்லாம் இருக்கின்றன, குழந்தைக் கண் மருத்துவரிடம் கேளுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விடுங்கள், சூரியனை நேராகப் பார்க்காமல் விளையாடட்டும். கண்ணாடியை முழு நேரமும் போடட்டும், பவரைக் குறைத்து வாங்க வேண்டாம்.

பழைய கை: இங்கேதான் தப்பு சொல்கிறீர்கள். கண்ணாடி போடப் போடக் கண் சோம்பேறியாகும், பவர் ஏறும். என் அப்பா கண் பயிற்சி செய்து 66 வயதில் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டார், இப்போது செய்தித்தாளை வெறும் கண்ணால் படிக்கிறார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அப்பா விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். பவரைக் குறைத்துக் கொடுத்தால் ஏறாது என்பதை மலேசியாவில் சோதித்துப் பார்த்து 2002இல் எழுதினார்கள். குறைத்துக் கொடுத்த குழந்தைகளுக்குத்தான் கூடுதலாக ஏறியது. கண் பயிற்சி நூறு வருஷக் கதை, வில்லியம் பேட்ஸ் என்ற மருத்துவர் 1920இல் புத்தகமே போட்டார். நீண்டுபோன கண்விழியை எந்தப் பயிற்சியும் சுருக்காது. சரி, உங்கள் அப்பாவிடம் இரண்டு கேள்வி கேட்டு வந்து சொல்லுங்கள்: தூரத்தில் இருப்பது முன்புபோலத் தெளிவாகத் தெரிகிறதா? இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு சிதறித் தெரிகிறதா?

லென்ஸ் பிரியை: லென்ஸோடு குளிக்கலாமா? எப்போதாவது தூங்கிவிட்டால்?

கூடாது, கூடாது. குழாய்த் தண்ணீரில் அகந்தமீபா என்ற உயிரி இருக்கலாம். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டால் மாதக்கணக்கில் சிகிச்சை, வலி, சிலருக்குப் பார்வை இழப்பு. டப்பாவையும் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், லென்ஸ் திரவத்திலேயே அலசி, கவிழ்த்துக் காயவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். லென்ஸோடு தூங்கினால் கிருமித்தொற்று அபாயம் ஆறு முதல் எட்டு மடங்கு.

வெள்ளெழுத்து: நீல ஒளி தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா?

தேவையில்லை. 2023இல் காக்ரேன் ஆய்வுக் குழு 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது, கண் சோர்வில் பயன் தெரியவில்லை. திரையில் வரும் நீல ஒளி பகல் வெளிச்சத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அலர்ஜி ஆறுமுகம்: கண் அரிப்பு தாங்கவில்லை, தேய்த்தால்தான் நிம்மதி. முன்பு வாங்கின சொட்டு ஒன்று இருக்கிறது, இரண்டு சொட்டு விட்டதும் சிவப்பு போய்விடுகிறது. அதையே தொடரலாமா?

நான் பயப்படும் இரண்டையும் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டீர்கள். முதலில் தேய்ப்பது. தேய்க்கத் தேய்க்க அரிப்பைத் தூண்டும் ரசாயனம் இன்னும் வெளிவரும், அதனால் அந்த நிம்மதி ஐந்து நிமிடம்தான். வருஷக்கணக்கில் அழுத்தித் தேய்ப்பவர்களுக்குக் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி பிதுங்கும் கெரட்டோகோனஸ் வரும் வாய்ப்பு கூடுகிறது. கண்ணை மூடிக் குளிர்ந்த ஈரத்துணியை மேலே வையுங்கள். இரண்டாவது அந்தப் புட்டி, இது இன்னும் மோசம். இரண்டு சொட்டில் சட்டென்று அடங்குகிறது என்றால் அது ஸ்டீராய்டாக இருக்கலாம். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஸ்டீராய்டு சொட்டு கண் அழுத்தத்தை ஏற்றும், வலிக்காது, சிவக்காது, ஓரப்பார்வை மெல்லப் போகும், போனது திரும்பாது. கண்புரையையும் சீக்கிரம் கொண்டுவரும். அது சிவப்பை மட்டும் போக்கும் வகை என்றாலும், நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். பொதுவாகத் திறந்து ஒரு மாதம் ஆன புட்டியைத் தூக்கிப் போட வேண்டும், ஆனால் இதை மருத்துவரிடம் காட்டாமல் போடாதீர்கள். எத்தனை நாளாக விடுகிறீர்கள் என்று எழுதவில்லை, வாரக்கணக்கில் என்றால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், புட்டியோடு மருத்துவரிடம் போய்க் கண் அழுத்தம் பாருங்கள்.

ராத்திரி ராஜா: இருட்டில் போன் பார்த்தால் கண் போய்விடுமா?

போகாது. காயும், தூக்கம் கெடும். மேலே முதல் பதிலைப் பாருங்கள்.

புதுவரவு: நீல ஒளிக் கண்ணாடி நல்லதா?

மேலே இருக்கிறது.

கேரட் குமார்: கேரட் சாப்பிட்டால் பவர் குறையுமா?

குறையாது. வைட்டமின் ஏ பற்றாக்குறை இருந்தால்தான் அது பார்வையைக் காப்பாற்றும். கேரட்டால் இருட்டில் கண் தெரியும் என்ற பேச்சை ஊதிப் பெரிதாக்கியது இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரிட்டிஷ் பிரசாரம், இரவில் எதிரி விமானத்தைக் கண்டுபிடித்தது உண்மையில் ரேடார். கண்ணுக்காக ஒன்றைச் சேர்ப்பதைவிட ஒன்றை விட வேண்டும் என்றால் சிகரெட்டை விடுங்கள், கண்புரை, விழித்திரை மையச் சிதைவு இரண்டுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

பூச்சி பறக்குது: இரண்டு நாளாகக் கண்ணுக்குள் கரும்புள்ளிகள் நிறைய மிதக்கின்றன, ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டுகிறது. என்ன சொட்டு விடலாம்?

எந்தச் சொட்டும் வேண்டாம். இன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் போங்கள், நாளைக்கு இல்லை. விழித்திரை கிழிந்திருக்கலாம். வெறும் கிழிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால் பல சமயம் லேசரோடு முடிந்துவிடும்.

கண்ணாடி வேண்டாம்: லேசர் செய்துகொள்ளலாமா?

அறுவை மருத்துவர் சொல்லட்டும். கண்ணைத் தேய்க்கும் பழக்கம் இருந்தால் அதை அவரிடம் மறைக்காதீர்கள்.

பழைய கை: அப்பாவிடம் கேட்டேன். தூரத்தில் கொஞ்சம் மங்கல்தானாம், வயசானால் அப்படித்தான் என்கிறார். இரவில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறதாம். அதற்கும் படிப்பதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். கண்புரையில் ஒரு வகை, கண்ணுக்குள்ளேயே இருக்கும் இயற்கை லென்ஸின் நடுப்பகுதி இறுகி அடர்த்தியாவது. அப்படி ஆகும்போது ஒளியை அதிகமாக வளைக்கும், கண் மைனஸ் பவர் பக்கம் நகரும். அதனால் கிட்டத்தில் கண்ணாடி இல்லாமலே தெரிய ஆரம்பிக்கும், தூரம் மங்கும். பயிற்சிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ரத்தச் சர்க்கரை ஏறினாலும் பவர் இப்படி மாறலாம், ஆகவே சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கைச் சுற்றி வட்டம் கண் அழுத்தத்தாலும் தெரியலாம், அதையும் அளந்துவிடட்டும். அதுவரை இரவில் வண்டி ஓட்ட வேண்டாம்.

பழைய கை: சரி, கூட்டிப் போகிறேன். ஆனால் கண்புரைக்கு ஆபரேஷன் செய்தால் இப்போது படிப்பதும் போய்விடுமா? அவருக்குப் படிப்புதான் எல்லாம்.

நல்ல கேள்வி. ஆபரேஷனில் கண்ணுக்குள் வழக்கமாக வைக்கும் செயற்கை லென்ஸைத் தூரத்துக்குச் சரியாக இருக்கும்படி கணக்கிடுவார்கள், அப்புறம் படிக்கக் கண்ணாடி வேண்டும். கிட்டத்துக்குச் சரியாக இருக்கும்படியும் கணக்கிடலாம், அப்போது தூரத்துக்குக் கண்ணாடி போட வேண்டியிருக்கும். எது வேண்டும் என்று லென்ஸ் அளவெடுக்கும் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் அப்பாவே பேசட்டும்.